எருமைக் குவளை

கம்பம் பள்ளத்தாக்கிலேயே மூச்சை அதிக நேரம் அடக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டால் ரஃபியாவைத்தான் சொல்ல வேண்டும். ஒரு தடவை மூச்சை இழுத்து அடக்கினாள் என்றால், உத்தமபாளையத்தில் புறப்பட்ட பஸ் கம்பம் போய், ஆளை இறக்கி, ஆளை ஏற்றித் திரும்பி வந்து நிற்கும்; அப்புறம்தான் விடுவாள். இது கொஞ்சம் கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். பஸ் கம்பம் வரைக்கும் போகாது. பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து திரும்புகிற வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடக்குவாள்.

அவள் பார்க்கிற வேலை அப்படி. உத்தமபாளையத்திலிருந்து கோம்பை போகிற சாலையில், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏலச்செடிக்கு வருகிற நோய்களை அங்கே ஆராய்கிறார்கள். போடி மலைக்கு மேலே தோட்டங்களில் இலை முழுக்க வெளிறிய கோடு விழுந்து செடி குட்டை தட்டிப் போகிறதே, அதற்குக் காரணமான கிருமி சாதாரண நுண்ணோக்கியின் கண்ணுக்கு அகப்படாது. எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். அது பெங்களூரில் இருக்கிறது. கிருமியை இங்கிருந்து கொண்டுபோய் அங்கே காட்ட வேண்டுமென்றால், நீரில் அது எப்படி மிதக்கிறதோ அப்படியே உறையவைத்து அனுப்ப வேண்டும். அந்த உறையவைக்கிற வேலைதான் ரஃபியாவுக்கு.

வாயால் சொன்னால் சின்ன வேலை. ஏலக்காயை உடைத்தால் உள்ளே கறுப்பாக ஓர் அரிசி இருக்குமே, அந்த அளவில் ஒரு செப்பு வலைத்தட்டு. அதை இடுக்கியால் பிடித்து, கிருமி கலந்த நீரில் ஒரு சொட்டு விட்டு, வடிதாளால் ஒற்றி எடுத்து, மிச்ச ஈரம் காய்வதற்குள் கடுங்குளிர்க் கிண்ணத்தில் சடக்கென்று முக்க வேண்டும். ஒற்றுவது கூடினால் வலை காய்ந்து போகும். குறைந்தால் பனி தடித்துப் போகும். முக்குவது சுணங்கினால் நீர் கல்கண்டு மாதிரிப் பொடிப்பொடியாக உறைந்து கிருமியை நொறுக்கிவிடும். கண்ணாடி மாதிரி உறைய வேண்டும். உறைந்த பிறகும் அதைக் கடுங்குளிரை விட்டு வெளியே எடுக்கக் கூடாது. கொஞ்சம் சூடு ஏறினாலும் கண்ணாடி கல்கண்டாகிவிடும். மேலே மனுஷ மூச்சு பட்டாலோ, மூச்சிலிருக்கிற ஈரம் வெள்ளையாகப் படிந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் அந்த அறைக்குள் ரஃபியா மட்டும்தான். கூட ஓர் ஆள் நின்றால் கூட ஒரு மூச்சு.

தனியாக இருப்பது அவளுக்குப் புதிதில்லை. உத்தமபாளையம் கடைவீதியில் தையல் கடை வைத்திருந்த நூர் முகம்மதுவின் மகள் அவள். கல்லூரியில் தாவரவியல் படித்தாள். கம்பத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அந்த வீட்டில் அவள் வைத்த குழம்பின் ருசி அவர்களுக்குப் பிடிபடும் முன்பே ஒத்துவரவில்லை என்று ஜமாத்தில் பேசி முடித்துவிட்டார்கள். திரும்பி வந்தாள். அம்மா போனது முதலில். அத்தா போனது போன வருஷம். தம்பி ஹக்கீம் குவைத்திலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் பேசுவான். "மாடிய வாடகைக்கு விட்டியாக்கா?" என்பான். "பாக்கணும்" என்பாள். அதோடு அந்த வாரப் பேச்சு முடிந்தது. சாயங்காலம் கதவைத் திறந்து உள்ளே போனால், காலையில் கழுவிக் கவிழ்த்த டம்ளர் கவிழ்த்த இடத்திலேயே இருக்கும். அதை நகர்த்தி வைக்க அந்த வீட்டில் ஆள் கிடையாது.

அறையில் தனியாக இருப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. வீட்டில் இருப்பதற்குக் காரணம் இல்லை. ஆகவே அவளுக்கு அறை பிடித்திருந்தது.

அறைக்கு ஒரு கண்ணாடிச் சன்னல் உண்டு. உள்ளே குளிர்ச்சி, வெளியே பள்ளத்தாக்குப் புழுக்கம். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் எப்போதும் ஆவி படிந்து, உள்ளே இருந்து பார்த்தால் வெறும் வெளுப்புதான் தெரியும். வேலை முடிந்து வெளியே வரும்போது சில நாள் அந்த ஆவியில், கீழ் ஓரமாக, ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் துடைத்த இடம் இருக்கும். கூட்டுகிறவர்கள் துடைத்திருப்பார்கள் என்று போய்விடுவாள்.

குளிருக்கு வேண்டிய திரவ நைட்ரஜன் மதுரையிலிருந்து வேனில் வரும். நிலையத்தின் பெரிய தொட்டியிலிருந்து மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்களும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஓர் ஏற்பாடு. பெங்களூருக்குப் போகிற கிருமிக்கும் பண்ணைப்புரத்துப் பசுவுக்கும் ஒரே குளிர்தான். அப்படி வாராவாரம் ஸ்கூட்டரில் கேனைக் கட்டிக்கொண்டு வருகிறவர் கிருபாவதி. ஊர் கெங்குவார்பட்டி, வாக்கப்பட்டது இந்தப் பக்கம், வயது ஐம்பதுக்கு மேல். சுற்றுவட்டாரத்தில் இன்றைக்குத் துள்ளுகிற கன்றுகளில் பாதி கிருபாவதி புண்ணியம். பாதி என்பது அவரே சொல்வது. கால்வாசி என்று வைத்துக்கொண்டாலும் ஒரு பெரிய மந்தை.

கேன் என்றால் கழுத்து ஒடுங்கிய அலுமினியப் பானை. உள்ளே நைட்ரஜன். கழுத்தில் மூன்று கொக்கி, கொக்கிக்கு ஒன்றாக நீளக் கைப்பிடி வைத்த குவளை. கிருபாவதிக்கு முதல் குவளையில் ஜெர்சிக் காளையின் விந்து உறைந்த ஊசி, இரண்டாவதில் சிந்தி, மூன்றாவதில் முர்ரா எருமை. ரஃபியாவிடமும் அதே மாதிரி ஒரு சின்னக் கேன் உண்டு. உறைந்த தட்டுகளைக் குட்டிப் பெட்டியில் அடைத்து, பெட்டியை ஒரு குழாயில் போட்டு, குழாயைத் தன் கேனில் மூன்றாவது குவளைக்குள் இறக்குவது அவள் பழக்கம். அந்தக் குளிரில் பேனா மை நிற்காது, ஒட்டிய காகிதம் உரிந்துவிடும். அத்தா கடையில் மிஞ்சிய நூல்கண்டு இருந்தது. அதனால் குழாயின் கழுத்தில் நூல் கட்டுவாள்.

ஒரு நாள் கிருபாவதியின் கேன் ஸ்கூட்டரில் உரசி உரசி நசுங்கியிருப்பதைப் பார்த்தாள். அத்தாவின் கைலிகள் இரண்டு வீட்டில் மடித்தபடி கிடந்தன, பச்சைக் கட்டம் போட்டவை. யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் வைத்திருந்தாள். பஞ்சு வைத்து ஒன்றில் கிருபாவதியின் கேனுக்கு உறை தைத்தாள். மிஞ்சியதில் தன் கேனுக்கும் ஒன்று. "ஏம்மா, என் கேனுக்குக் கைலி கட்டிவிட்டுட்ட, இனி இதுக்குப் பொண்ணுதான் பாக்கணும்" என்றார் கிருபாவதி. ரஃபியா முகமூடிக்குள் சிரித்தாள். அது வெளியே தெரிந்திருக்காது.

அந்த உறைகள்தான் பின்னால் அவளைக் காலைவாரிவிட்டன.

இதுவரை பெங்களூருக்குப் போன தட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: பனி சரியில்லை. கிருமியைப் பார்க்கவே முடியவில்லை. இன்னும் ஒரு தடவைதான், அதற்கு மேல் அந்த அறையை நடத்த முடியாது என்று நிலையத்தின் தலைவர் சொல்லிவிட்டார். அறையைப் பூட்டினால் ரஃபியாவுக்கு அலுவலகத்தில் ஒரு நாற்காலி கிடைக்கும். அங்கே கூட்டம், கலகலப்பு, பிள்ளைகளின் பரீட்சை, மருமகள்களின் குணம். அதற்கு நடுவே சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதை நினைத்தால்தான் அவளுக்கு உண்மையில் குளிர் எடுத்தது.

கிருமிநீரும் அந்த ஒரு தடவைக்குத்தான் இருந்தது. அதை எடுத்த செடியை மலையில் தூரோடு பிடுங்கிக் கொளுத்திவிட்டார்கள்.

அன்று காலையில் மழை. ரஃபியா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கை எப்படியோ அன்று சொன்னபடி கேட்டது. ஒற்றும்போது தாளில் ஈரம் பரவுகிற விதத்திலேயே தெரிந்தது, இது நல்லது என்று. கடைசிச் சொட்டு வரைக்கும் முக்கி முடித்தாள். தட்டுகளைக் குழாயில் போட்டுப் பச்சை நூல் கட்டினாள். நைட்ரஜன் கிண்ணத்தோடு வெளியே வந்தபோது மூக்குக் கண்ணாடி மூடிக்கொண்டது. மேசையில் பச்சைக் கட்டம் போட்ட உறை மங்கலாகத் தெரிந்தது. மூடியைத் திறந்தால் புகை. மூன்றாவது கைப்பிடியைத் தூக்கி, வெறும் குவளையில் குழாயை இறக்கி, மூடினாள்.

கிருபாவதி எப்போதும் தன் கேனைத் தரையில், கதவோரம்தான் வைப்பார். அன்று தரை முழுக்க மழைத்தண்ணீர். கேனை நிரப்பி மேசையில் ரஃபியாவின் கேனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இட்லி சாப்பிடப் போயிருந்தார். வந்தார், தன் கேனை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் எடுத்தது அவர் கேனைத்தான். தப்பு அவரிடம் இல்லை.

மத்தியானம் நைட்ரஜன் மட்டம் பார்க்க ரஃபியா தன் கேனைத் திறந்தாள். மூன்றாவது குவளை காலி. முதலாவது, இரண்டாவது, அவையும் காலி.

கொஞ்ச நேரம் அவளுக்கு எதுவும் புரியவில்லை. பிறகு பக்கத்தில் மேசையில் வட்டமாகக் காய்ந்துகொண்டிருந்த ஈரத் தடத்தைப் பார்த்தாள். எல்லாம் புரிந்தது.

கிருபாவதிக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் கிருபாவதியின் ஒரு கை மாட்டுக்குள் எவ்வளவு தூரம் இருக்கும் என்று தெரிந்தவர்கள் அவர் போனை எடுக்கவில்லை என்று கோபப்பட மாட்டார்கள். விஞ்ஞானி ஷெரின், குமுளிப் பக்கத்துப் பெண், தேனியில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வந்து தட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பெங்களூர் கிளம்ப வேண்டும். வேறு யாரிடம் சொல்வது என்று யோசித்தாள். அப்படி யாரும் இல்லை. ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து ஏறினாள்.

கிருபாவதி எப்போதும் முதலில் போகிற அனுமந்தன்பட்டி பால் சொசைட்டியில் திலீபன் என்கிறவர் காலிக் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சினை ஊசி போடுற கிருபாவதியக்கா இங்கன வந்தாகளா?"

"வந்தாக, போனாக. ஒங்க மாட்டுக்கா?"

"இல்லண்ணே. இங்க போட்டது பசுவுக்கா, எருமைக்கா?"

திலீபன் நிமிர்ந்து பார்த்தார். கறுப்புப் பர்தா, அதற்கு மேல் கழற்ற மறந்த வெள்ளைக் கோட்டு.

"பசுவுக்குத்தான். ஏன், எருமைக்குப் போட்டா ஒங்களுக்கு ஏதும் ஆட்சேபணையா?"

"எருமைக்குப் போட்டா அந்தக் குவளையத் தூக்குவாக. தூக்கக் கூடாது."

"அதென்னமோ. பண்ணைப்புரத்துல ஒரு எருமை நேத்திருந்து கத்துதாம். முர்ரா ஊசி தீந்துபோச்சு, தேவாரம் மாட்டாஸ்பத்திரியில வாங்கிட்டு நேரா அங்கதான் போறேன்னு சொன்னாக. போயி ரொம்ப நேரமாச்சு."

அதனால்தான் மூன்றாவது குவளை காலியாக இருந்திருக்கிறது. தேவாரத்தில் வாங்குகிற ஊசியை வைக்க அதைத்தான் தூக்குவார். மறுபடி போன் போடலாம் என்று கோட்டுப் பையில் கையை விட்டாள். போன் இல்லை. அது அறைக்கு வெளியே மேசையில் இருந்தது.

பண்ணைப்புரம் பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. மழை நின்று மலை கழுவிவிட்ட மாதிரி நின்றது. யாரோ யாரிடமோ சம்பந்தம் பேசிக்கொண்டு வந்தார்கள். அந்தக் குழாயைப் பற்றி இந்த பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்தாள். பஸ்ஸுக்கு வெளியே மட்டும் யாருக்குத் தெரியும்? அது இருந்ததும் தெரியாது. கெட்டுப்போனால் கெட்டதும் தெரியாது. பனி சரியில்லை என்று ஒரு வரி வரும். எப்போதும் வருகிற வரிதானே என்று மடித்து வைத்துவிடுவார்கள். இன்று காலையில் தாளில் ஈரம் எப்படிப் பரவியது என்பது உலகத்தில் ஒருத்திக்கு மட்டும் தெரிந்த விஷயம். அது அவளோடு அலுவலக நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும்.

பண்ணைப்புரத்தில் இறங்கி யாரிடமும் வழி கேட்கவில்லை. எருமை கத்துகிற திசையில் நடந்தாள்.

கிருபாவதி தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார். எருமை தன் கடமை முடிந்தது தெரியாமல் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. கைலி கட்டிய கேன் ஸ்கூட்டரில் மூடியபடி நின்றது.

"ஏம்மா, வெள்ளைக் கோட்டோட வந்திருக்க. எருமைக்காரக பெரிய டாக்டரம்மா சோதிக்க வந்துட்டாகன்னு பயந்துருவாக."

"அக்கா, மூணாவது குவளையத் தூக்கினீகளா?"

"தூக்கினேன்."

ரஃபியா தொட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள்.

"எவ்வளவு நேரம் வெளிய இருந்துச்சு?"

"வெளிய எங்க இருந்துச்சு? ஊசி வைக்கத் தூக்கினேன். உள்ள ஒரு குழாய் நிக்கிது, பச்ச நூல் கட்டிக்கிட்டு. கழுத்துக்கு மேல வரவிடல, அப்படியே எறக்கிட்டேன். முர்ராவ ஜெர்சியோட சேத்து வச்சேன், ஒரு ராத்திரி சண்டை போடாம இருக்கட்டும்னு. குவளையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னு யோசிக்கக் கூடாதுன்னுதான் எங்களுக்கு மொத நாளே சொல்லித் தர்றாக. யோசிச்சா காளை செத்துரும்."

"குழாய்க்குள்ள நைட்ரஜன் நின்னுச்சா? புகை வந்துச்சா?"

"வந்துச்சு. பால் பொங்குனாப்பல வந்துச்சு."

அப்படியானால் பிழைத்திருக்கலாம். பிழைக்காமலும் இருக்கலாம். தேவாரத்து மேடு பள்ளத்தில் குழாய் ஆடியிருக்கும்.

"என்னோடதுன்னு எப்படிக்கா தெரிஞ்சது?"

"நைட்ரஜனுக்குள்ள போற சாமானுக்கு நூல் கட்டி, முடிச்சுமேல முடிச்சுப் போட்டு, வாலை ஒட்ட வெட்டுற ஆளு இந்தப் பக்கம் வேற யாரு இருக்கா? தையக்காரரு மக கைதான அது. ஒனக்குப் போன் அடிச்சேன் அடிச்சேன், எடுக்கவேயில்ல. சரி, மறுபடி அந்தக் குளிர் ரூமுக்குள்ள போயிட்டன்னு நெனச்சேன்."

"போன வச்சுட்டு வந்துட்டேன்."

"நல்லாருக்கு. நான் எடுக்கல, நீ எடுக்கல. எருமை ஒண்ணுதான் இன்னைக்கு ஒழுங்காக் கூப்பிட்டுருக்கு."

திரும்பும்போது ரஃபியா பின்னால் உட்கார்ந்து கேனை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். வேகத்தடை வருகிற இடமெல்லாம் கிருபாவதி காலை ஊன்றி, புதுப் பெண்ணை ஏற்றி வருகிற வண்டி மாதிரி ஏற்றி இறக்கினார். அத்தாவின் கைலி வாசம் அதில் எப்போதோ போய்விட்டிருந்தது. ஆனாலும் கட்டம் அதே கட்டம்தான்.

நிலையத்துக்கு வந்து பார்த்தால் மேசையில் போன் நிறைய அழைப்புகளைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அவளுடைய போன் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் அடிப்பது அபூர்வம். அடித்த அன்று கேட்க அவள் இல்லை.

ஷெரின் தேனியிலிருந்து வந்ததும் ரஃபியா அவளிடம் ஒன்று விடாமல் சொன்னாள். மறைக்கலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் பனி கெட்டிருந்தால், தன் கை கெடுத்ததா எருமைக் குவளை கெடுத்ததா என்று யாராவது ஒருவராவது சரியாகத் தெரிந்து வைத்திருக்கட்டும் என்றே சொல்லிவிட்டாள். ஷெரின் கேனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சாரமில்லா ரஃபியாக்கா" என்றாள், தன் ஊர்ப் பேச்சில், போகட்டும் விடுங்கள் என்கிற குரலில். "அங்க போய்ப் பார்த்தாத்தானே தெரியும்." குழாயைப் பயணத்துக்கான பெரிய கேனுக்கு மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

அடுத்து வந்த நாட்களில் ரஃபியா அறையைத் துடைத்தாள். துடைத்த இடுக்கியையே மறுபடி துடைத்தாள். வீட்டில் மாடியைக் கூட்டிவிட்டு, வாடகைக்கு விடத் தோன்றாமல் இறங்கி வந்தாள். வெள்ளிக்கிழமை ஹக்கீம் பேசியபோது நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். "எருமையா? நம்ம வீட்டுல ஏதுக்கா எருமை?" என்றான். "ஒண்ணுமில்ல" என்று விட்டுவிட்டாள்.

ஷெரின் திரும்பி வந்த அன்று கையில் ஒரு படம் இருந்தது. ஒரு தட்டு போய்விட்டது. மற்றவை எல்லாம் கண்ணாடி. தலைவரையும் அலுவலகத்தில் இருந்தவர்களையும் அறை வாசலுக்குக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினாள். அறை பூட்டப்படாது என்று தலைவர் அங்கேயே சொல்லிவிட்டார். நைட்ரஜன் பிடிக்க வந்த கிருபாவதியும் கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் வளைந்தும் நெளிந்தும் மெல்லிய இழைகள். கிருமி அப்படித்தான் இருக்குமாம்.

"இதுக்கா இவ்வளவு பாடு?" என்றார் கிருபாவதி. "இவ வெட்டிப் போட்ட நூலாட்டம்ல இருக்கு."

ரஃபியா படத்தைக் கையில் வாங்கவில்லை. விரல் பட்டு அழுக்காகிவிடுமோ என்று பின்னால் நின்றே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள்.

ஷெரினுக்கு உற்சாகம் அடங்கவில்லை. "இதுக்குப் பின்னாடி ரஃபியாக்காவோட மூச்சு இருக்கு சார். ஒரு தட்டு முடியிற வரைக்கும் அப்படியே அடக்கிக்கிட்டு நிப்பாங்க. கல்லு மாதிரி. மூச்சே விட மாட்டாங்க" என்றாள்.

"அதெல்லாம் இந்தப் புள்ள மூச்சு விடும் மேடம்" என்றார் கிருபாவதி, கேனை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு. "தட்ட முக்குறதுக்கு முன்னாடி இடப்பக்கமாத் திரும்பித் தோள்ல விட்டுக்கும். முக்கி முடிச்சதும் இன்னொண்ணு, இந்தச் சன்னலப் பாத்து. கேன் நெறையுற வரைக்கும் வாராவாரம் இங்கன கண்ணாடியத் தொடச்சுட்டு நின்னு பாக்குறேன்ல, எனக்குத் தெரியாதா."